குளிர்காலமும் குதிரையின் போர்வையும்

தென்னாட்டில் குதிரை வளர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் எழாத கேள்வி ஒன்று உண்டு. சென்னையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகையை ஒட்டியே நிற்கும். ஆகவே, குதிரைக்குப் போர்வை வேண்டுமா என்று அங்கே எவரும் யோசிப்பதில்லை. வடக்கே நிலைமை வேறு. டில்லியில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சாதாரணமாக 7, 8 பாகைக்கு இறங்குகிறது. சில இரவுகளில் 4 பாகைக்கும் கீழே போகிறது. இங்கே வந்து குடியேறிய நம்மில் படைகளின் லாயங்களில் பணிபுரிவோர் உண்டு. கால்நடை வைத்தியர்கள் உண்டு. பிள்ளைகளைக் குதிரையேற்றம் பழக அனுப்பும் பெற்றோரும் உண்டு. கார்த்திகை பிறந்ததும் நம் எதிரே இரண்டு கேள்விகள் வந்து நிற்கின்றன. குதிரையின் உரோமத்தைக் கத்தரிக்கலாமா? அதற்குப் போர்வை போர்த்த வேண்டுமா?

நமக்கே பல் கிட்டுகிறதே, வாயில்லாப் பிராணி என்ன பாடுபடும் என்று எண்ணுவது நம்மவர்க்கு இயல்பு. அந்த இரக்கம் நல்லதுதான். ஆனால் நம் தோலைக் கொண்டு குதிரையின் குளிரை அளக்க முடியாது. குதிரைக்கு இதமான வெப்பநிலை நம்முடையதைக் காட்டிலும் தாழ்ந்தது. ஏறக்குறைய 5 பாகை முதல் 25 பாகை வரை அது சிரமமின்றி இருக்கும். குளிருக்குப் பழகிய குதிரை அதற்கும் கீழே தாங்கும். லடாக்கின் ஜன்ஸ்காரி மட்டக்குதிரைகளும் இமாசலத்தின் ஸ்பிதி மட்டக்குதிரைகளும், வெப்பநிலை பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும் பனிக்காலத்தைத் தம் உரோமத்தைக் கொண்டே கழிக்கின்றன.

இயற்கை இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு வியக்கத்தக்கது. ஆனி மாதத்துக்குப் பின் பகற்பொழுது குறையத் தொடங்கியதுமே குதிரையின் உடலில் குளிர்கால உரோமத்துக்கான ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. குளிர் தட்டும்போது அந்த உரோமம் குத்திட்டு நிற்கிறது. மயிர்க்கால்களுக்கு இடையே அடைபடும் காற்றே நல்ல கம்பளியாகிறது. உள்ளே ஓர் அடுப்பும் எரிகிறது. குதிரை தின்னும் புல்லும் உலர்தீவனமும் அதன் பெருங்குடற் பகுதியில் நுண்ணுயிர்களால் புளிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. எனவே குளிர் மிகுந்த இரவில் ஒரு படி கொள்ளைக் கூட்டிப் போடுவதைவிட, உலர்ந்த புல்லைத் தாராளமாக முன்னே போட்டு வைப்பது குதிரைக்கு அதிக உஷ்ணம் தரும்.

இவ்வளவு நல்ல உரோமத்தை ஏன் கத்தரிக்க வேண்டும்? விடை வேர்வையில் இருக்கிறது. அடர்ந்த உரோமத்தோடு குதிரை விரைந்து ஓடினால் உடல் நனைய வேர்க்கும். நனைந்த உரோமம் படிந்துபோய்க் காற்றை அடைத்து வைக்கும் ஆற்றலை இழக்கிறது. உலர்வதற்கும் நெடுநேரம் பிடிக்கிறது. வேலை முடிந்து, பொழுது சாய்ந்து, வாடை வீசும் வேளையில் அந்த ஈரத்தோடு நிற்கும் குதிரையே உண்மையில் குளிரால் வருந்துகிறது. நாள்தோறும் இவ்வாறு நேர்ந்தால் உடலும் இளைக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது, ‘எவ்வளவு குளிர்?’ என்பதன்று, ‘எவ்வளவு வேர்வை?’ என்பதே. குளிர்காலம் முழுதும் கடுமையாக வேலை செய்து, ஒவ்வொரு முறையும் நனைய வேர்க்கும் குதிரைக்குக் கத்தரிப்பு நன்மை தரும். வாரத்தில் ஓரிரு நாள் மெதுவாக நடக்கும் குதிரைக்கும், மேய்ச்சலில் நிற்கும் குதிரைக்கும், குட்டிக்கும் அது வேண்டியதில்லை.

கத்தரிப்பிலும் அளவு உண்டு. கழுத்தின் அடிப்பாகம், மார்பு, வயிறு, விலாவின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை மட்டும் கத்தரிப்பது ‘டிரேஸ் கிளிப்’. வண்டிக் குதிரையின் இழுவார் செல்லும் கோட்டை ஒட்டிக் கத்தரிப்பதால் இப்பெயர் வந்தது. மிகுதியாக வேர்க்கும் இடங்கள் வெளிப்பட்டு, முதுகும் இடுப்பும் மூடியே இருப்பதால் மிதமான வேலை செய்யும் குதிரைக்கு இதுவே போதும். போர்வை போர்த்தியதுபோல் முதுகுப்புறத்தை விட்டு மற்றவற்றைக் கத்தரிப்பது ‘பிளாங்கெட் கிளிப்’. கால்களையும் சேணம் படும் இடத்தையும் மட்டும் விட்டு உடல் முழுதும் கத்தரிப்பது ‘ஹண்டர் கிளிப்’. கடும் பயிற்சியில் உள்ள குதிரைக்கே அது உரியது. மூக்கையும் கண்களையும் சுற்றியுள்ள நீண்ட உணர்மயிர்களையும் காதின் உட்புற உரோமத்தையும் தொடாமல் விட வேண்டும். உணர்மயிர்களை நீக்கிய குதிரைகள் தன் போட்டிகளில் பங்கு பெறுவதை உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 ஜூலை முதல் தடை செய்திருக்கிறது.

கத்தரிப்பது ஒரு கடன் வாங்குவது போன்றது. எடுத்த உரோமத்துக்கு ஈடாகப் போர்வை கொடுத்தாக வேண்டும். அந்தக் கடனைப் பருவம் முடியும் வரை நாள் தவறாமல் அடைக்க வேண்டும். கனத்த போர்வை ஒன்று, இலேசான போர்வை ஒன்று, வேர்வை உலரும் வரை போர்த்தத் துணி ஒன்று, இவற்றை மாற்றிப் போட ஓர் ஆள் ஆகிய நான்கும் இல்லாத லாயத்தில் முழுக் கத்தரிப்புச் செய்வது குதிரைக்குத் தீங்கு. வட இந்தியக் குளிரின் தன்மையும் இதை வற்புறுத்துகிறது. இரவில் 5 பாகை. மூடுபனி விலகி வெயில் வந்தால் நண்பகலில் 20 பாகை. இரவுக்கு ஏற்ற போர்வையைப் பகலிலும் விட்டுவைத்தால் குதிரை அதனுள்ளேயே வேர்க்கிறது. நாம் எதை விலக்க விரும்பினோமோ, அதையே போர்வை கொண்டுவந்து சேர்க்கிறது.

கத்தரிக்காத குதிரைக்கு மெல்லிய போர்வை போர்த்துவதால் சில வேளை பயன் குறைவதும் உண்டு. அது குத்திட்ட உரோமத்தை அமுக்கி, அடைபட்ட காற்றை வெளியேற்றிவிடும். உலர்ந்த குளிரைக் காட்டிலும் மழையும் காற்றும் கூடிய குளிரே கொடியது. தை மாதத்தில் மேற்கிலிருந்து மேகம் வந்து பெய்யும் மழையில் கூரையும் காற்றுத் தடுப்பும் வேண்டும். அவை இல்லாவிடில் நீர் புகாத போர்வை வேண்டும். மெலிந்த குதிரைக்கும் முதிய குதிரைக்கும் போர்வை பெரும் துணை. முதிய குதிரையின் நீண்ட உரோமம் கோடையிலும் உதிராமல் இருந்தால் அது நோயின் அறிகுறியாகலாம். வைத்தியரிடம் காட்டுவது நலம்.

குதிரையின் விருப்பத்தை அறிய முடியுமா? நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2016-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 23 குதிரைகளுக்கு, பலகைகளில் எழுதிய குறிகளை மூக்கால் தொட்டு, ‘போர்வை வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘இப்போதுள்ளபடியே இருக்கட்டும்’ என்று தெரிவிக்கக் கற்பித்தார்கள். மழையும் குளிர்காற்றுமான நாளில் அவை போர்வையைக் கேட்டன. வெயில் நாளில் கழற்றச் சொல்லின. பருவம் பார்த்து மட்டும் போர்வையை ஏற்றிவிட்டு மறந்துவிடும் நம் வழக்கத்துக்கு இது நல்ல பாடம்.

நம் குதிரைகள் பலகையைத் தொட்டுப் பேசா. ஆயினும் நம் கை பேசும். போர்வைக்குள் தோளின் பின்புறம் கையை நுழைத்துப் பார்க்கலாம். ஈரமாக இருந்தால் போர்வை மிகை. உடல் சில்லிட்டு நடுங்கினால் குறை. நாளுக்கு ஒரு முறையேனும் போர்வையை முற்றிலும் அகற்றித் தேய்த்துவிட்டு, தோளிலும் மார்பிலும் உராய்வுப் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்ட உரோமம் மெலிவை மறைத்துவிடும். விலா எலும்பைக் கையால் தடவியே அறிய வேண்டும். தண்ணீர் சில்லென்று இருந்தால் குதிரை குறைவாகக் குடிக்கும். அதனால் குடல் அடைத்து வயிற்றுவலி வரக்கூடும். இளஞ்சூடான நீர் அதைத் தவிர்க்க உதவும்.

லாயத்துக் குதிரைகளோடு இந்தப் பேச்சு முடிந்துவிடக்கூடாது. வடநாட்டுத் திருமணப் பருவம் குளிர்காலத்திலேயே வருகிறது. மணமகனைச் சுமந்து, வாத்தியங்களுக்கும் வாணங்களுக்கும் நடுவே வேர்த்து வரும் பெண்குதிரை, பின்னர் மண்டபத்து வாயிலில் நள்ளிரவுப் பனியில் நிற்கிறது. அதன் மேலுள்ள ஜரிகைத் துணி அழகுக்கு ஆனது; குளிருக்கு ஆனதன்று. செங்கற்சூளைகளில் பச்சைக்கல் சுமக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இதே நிலையில் இருக்கின்றன. இவற்றின் சொந்தக்காரர்களிடம் கத்தரிக்கும் இயந்திரமும் இல்லை, நான்கு போர்வைகளும் இல்லை. அவர்களுக்குக் கத்தரிப்பை உபதேசிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் வைக்கோற்பிரியால் உடலைத் தேய்த்து உலர்த்தி, சுத்தமான சாக்கு ஒன்றை மேலே இட்டு, காற்றுப் படாத மூலையில் புல்லும் தண்ணீரும் வைத்தாலே பெரும்பங்கு நிறைவேறிவிடும். ஊர்வலத்துக்குக் குதிரை அமர்த்தும் இல்லத்தார், மணமகன் இறங்கியவுடன் அதை அனுப்பிவிடுவது அந்த உயிருக்குச் செய்யும் உதவி. அதற்குக் காசு செலவில்லை. கவனம் ஒன்றே செலவு.