காசு வாங்கிச் சொன்ன செய்தி, விலை கொடுத்துச் சொன்ன செய்தி

(வானொலி மறையுரை: பாஸ்கா எண்கிழமை திங்கள், ஏப்ரல் 1, 2024. நற்செய்தி: மத்தேயு 28:8-15)

 

இன்றைய நற்செய்தி வாசகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரே காலைப்பொழுதில் ஒரே கல்லறையிலிருந்து இரண்டு செய்திகள் புறப்படுகின்றன. ஒன்றைப் பெண்கள் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். அச்சமும் மகிழ்ச்சியும் கலந்த ஓட்டம் அது. இன்னொன்றைக் காவல் வீரர்கள் நகருக்குள் கொண்டு போகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வீரர்களும் முதலில் உண்மையைத்தான் சொன்னார்கள். நடந்தவை அனைத்தையும் தலைமைக் குருக்களிடம் அறிவித்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் எல்லாம் மாறுகிறது. முதலில் மூப்பர்களோடு ஒரு கூட்டம். அடுத்து, பெரிய தொகை கைமாறுகிறது. அடுத்து, என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக எழுதிக் கொடுக்கப்படுகிறது. கடைசியாக, ஆளுநர் காதுக்குப் போனாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற பாதுகாப்பு. கூட்டம், பணம், வசனம், பாதுகாப்பு. இன்றைக்கும் பொய்ச் செய்தி தயாராகும் வழி இதுதான். இரண்டாயிரம் ஆண்டுகளில் இந்த வழிமுறை மாறவே இல்லை.

அவர்கள் சொன்ன கதை, தாங்கள் தூங்கும்போது சீடர்கள் வந்து உடலைத் திருடிப் போனார்கள் என்பது. புனித அகுஸ்தீன் இதைக் கேலி செய்கிறார்: தூங்கியவர்களையா சாட்சிக்கு அழைத்து வருகிறீர்கள் என்று. தூங்கினார்கள் என்றால் திருடியது யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? விழித்திருந்தார்கள் என்றால் ஏன் பிடிக்கவில்லை? ஒரே ஒரு கேள்வி கேட்டால் உடைந்துபோகும் பொய் அது. ஆனாலும் தாம் எழுதும் நாள் வரை அந்தப் பேச்சு பரவியிருந்தது என்கிறார் மத்தேயு. கேள்வி கேட்கத்தான் ஆள் இல்லை.

அன்பானவர்களே, வருகிற 19-ஆம் தேதி நாம் வாக்களிக்கப் போகிறோம். ஆய்க்குடி, தென்காசி, சுரண்டை என்று எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரே பேச்சு: "எல்லாம் கட்சிக்காரன் டிவி. எந்தப் பேப்பரையும் நம்ப முடியாது." இந்தப் பேச்சு வெறும் வாய்க்கு வந்தது அல்ல. அதற்குக் காரணம் உண்டு. சன் டிவி 1993-இல் வந்தது, ஜெயா டிவி 1999-இல், மக்கள் டிவி 2006-இல், கலைஞர் டிவி 2007-இல், கேப்டன் டிவி 2010-இல். இவை ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கட்சியோடோ, கட்சித் தலைவர்களின் குடும்பத்தோடோ தொடர்புள்ளதாகவே பிறந்தது என்பது ஊரறிந்த சங்கதி. ஒரே பொதுக்கூட்டம் ஒரு சேனலில் மக்கள் வெள்ளமாகத் தெரியும். அடுத்த சேனலில் காலி நாற்காலியாகத் தெரியும். ரிமோட்டை அழுத்தினால் நாடே மாறிவிடுகிறது.

அச்சுப் பத்திரிகைகளும் தப்பவில்லை. 2009 மக்களவைத் தேர்தலின்போது, நாட்டின் பல பகுதிகளில் வேட்பாளர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு விளம்பரத்தைச் செய்தி போலவே அச்சிட்டது வெளிச்சத்துக்கு வந்தது. இந்தியப் பத்திரிகை மன்றம் இருவர் குழுவை அமைத்து விசாரித்தது. ஆனால் குழு கொடுத்த முழு அறிக்கையை 2010-இல் மன்றமே வெளியிடவில்லை. சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு 2011-இல்தான் முழு அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தது. அதே ஆண்டு, உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. செய்தி வேடத்தில் வந்த விளம்பரத்துக்கான செலவை அவர் தேர்தல் கணக்கில் காட்டவில்லை என்பதே காரணம்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நாம் சில ரூபாய் கொடுத்து வாங்கும் நாளிதழை அச்சடித்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவர அதைவிட அதிகம் செலவாகிறது. மிச்சத்தைக் கொடுப்பது விளம்பரம். அந்த விளம்பரத்தில் அரசும் உண்டு, கட்சியும் உண்டு, பெரிய முதலாளியும் உண்டு. சிற்றூர்களில் வேலை செய்யும் பல நிருபர்களின் நிலை இன்னும் பாவம். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. தலைவரின் பிறந்தநாளுக்கு வாழ்த்து விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் கிடைக்கும். காலையில் விளம்பரம் கேட்டுப் போன அதே ஆளிடம், மாலையில் "சாலை போட்ட பணம் எங்கே?" என்று எப்படிக் கேட்பார்? செய்திக்கு நாம் விலை கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுக்கிறார்கள். கொடுத்தவர்தான் வசனத்தையும் எழுதுகிறார்.

சரி, நம்பிக்கை போய்விட்டது. அடுத்து நாம் என்ன செய்தோம்? டிவியை அணைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தோம். அது யாருக்கும் சொந்தமில்லாத சேனல் என்று நினைத்துக்கொண்டோம்.

போன ஆண்டு மார்ச் மாதம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. எங்கோ, எதற்கோ நடந்த சண்டைகளின் படங்கள் அவை. இந்தி நாளிதழ் ஒன்றும் அதைச் செய்தியாக்கியது. பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்தக் காணொளிகள் பொய்யானவை என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கியது, வழக்குகளும் பதிவாயின. ஆனால் அதற்குள் திருப்பூரிலும் மற்ற ஊர்களிலும் எத்தனை தொழிலாளர்கள் பயந்து மூட்டை கட்டினார்கள்! பீகாரில் எத்தனை தாய்மார்கள் தூக்கமில்லாமல் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்!

அந்தத் தாய்மார்களின் பயம் நமக்குப் புரிய வேண்டும். நம் நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புக்காக மும்பை தாராவிக்குப் போனவர்கள் ஏராளம். 1960-களில் அங்கே 'மார்மிக்' என்ற வார இதழ், எந்த அலுவலகத்தில் எத்தனை தென்னிந்தியர்கள் வேலை பார்க்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியல் போட்டது. பட்டியலிலிருந்து பகை வளர்ந்தது, பகையிலிருந்து அடியும் உதையும் வந்தன. செய்தி என்பது பொழுதுபோக்கு அல்ல. அதன் முடிவில் யாரோ ஒருவருடைய உடம்பு இருக்கிறது.

ஆகவே நான் இன்று சொல்ல விரும்புவது ஒன்றுதான். சந்தேகப்படுவது பாவம் அல்ல. ஆனால் சந்தேகத்தோடு நின்றுவிடுவது ஆபத்து. பெரிய வெள்ளியன்று பாடுகளின் வாசகத்தில் பிலாத்துவைக் கண்டோம். உண்மை என்றால் என்ன என்று இயேசுவிடம் கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய்விட்டான். பிறகு கையைக் கழுவினான். "எல்லாரும் பொய்தான் சொல்கிறார்கள்" என்று நாம் சொல்லும்போது, நாமும் அதே தண்ணீரில்தான் கை கழுவுகிறோம். காசு கொடுத்த அந்தத் தலைமைக் குருக்களுக்கு எருசலேம் முழுவதும் தங்கள் கதையை நம்ப வேண்டும் என்ற அவசியம் இல்லை. "யாருக்குத் தெரியும், எது நிஜமோ!" என்று ஊர் தோளைக் குலுக்கினாலே அவர்களுக்குப் போதும்.

அப்படியானால் என்ன செய்வது? பேதுருவைப் பாருங்கள். பெண்கள் சொன்னதைச் சீடர்கள் வெறும் பிதற்றலாக நினைத்தார்கள் என்கிறார் லூக்கா. பேதுருவோ எழுந்து ஓடினார். குனிந்து பார்த்தார். துணிகள் கிடப்பதைக் கண்டார். கேட்ட உடனே நம்பவும் இல்லை, கேட்ட உடனே தள்ளவும் இல்லை. போய்ப் பார்த்தார். இது நமக்குத் தெரியாத வித்தையா? சீசன் நேரத்தில் மெயின் அருவியில் வெள்ளம் கொட்டுவது போல ஒரு காணொளி வருகிறது. உடனே வேன் பிடித்துக் கிளம்பிவிடுகிறோமா? குற்றாலத்தில் கடை வைத்திருக்கும் தெரிந்தவருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, தண்ணி விழுதா?" என்று கேட்கிறோம் அல்லவா? குளிப்பதற்கே இவ்வளவு விசாரிக்கிற நாம், ஒரு மனிதரின் மானத்தையோ ஒரு சமுதாயத்தின் பாதுகாப்பையோ பற்றிய செய்திக்கு ஏன் விசாரிப்பதில்லை?

இன்னொரு அளவுகோலையும் இன்றைய நற்செய்தி தருகிறது. காவலர்கள் தங்கள் செய்திக்காகப் பணம் பெற்றார்கள். திருத்தூதர்கள் தங்கள் செய்திக்காக உயிரைக் கொடுத்தார்கள். நம் தமிழில் இரத்தம் சிந்தியவரை 'மறைசாட்சி' என்கிறோம். சாட்சி என்றால் விலை கொடுத்தவர்.

2022 மே 15 அன்று நம் காற்றாடிமலை மறைசாட்சி தேவசகாயத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அதே திருப்பலியில் புனிதராக அறிவிக்கப்பட்ட இன்னொருவரை நம்மில் பலருக்குத் தெரியாது. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கார்மேல் சபைக் குரு தீத்துஸ் பிரான்ட்ஸ்மா. அவர் பேராசிரியர், பத்திரிகையாளர். நாசிகள் அந்த நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், நாசிக் கட்சியின் விளம்பரங்களைக் கத்தோலிக்கப் பத்திரிகைகள் அச்சிட வேண்டும் என்று நெருக்கடி வந்தது. அச்சிடக் கூடாது என்ற ஆயர்களின் செய்தியை எடுத்துக்கொண்டு, 1942 ஜனவரியில் அவர் பத்திரிகை பத்திரிகையாகப் போய் ஆசிரியர்களைச் சந்தித்தார். அந்த மாதமே கைது செய்யப்பட்டார். ஜூலை 26 அன்று தாக்காவ் வதைமுகாமில் நச்சு ஊசி போட்டுக் கொன்றார்கள். ஒரு விளம்பரத்தை மறுப்பதற்கு அவர் கொடுத்த விலை அது.

நம் மண்ணிலும் அப்படி விலை கொடுத்தவர்கள் உண்டு. இதோ பக்கத்தில் கடையத்தில் 1918 முதல் 1920 வரை குடியிருந்த பாரதியார், 'இந்தியா' இதழை நடத்தியதற்காகச் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. 1987-இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களில் விடுவித்தார்கள். அவர் விடவில்லை, உயர் நீதிமன்றம் போய் வென்றார். கடந்த டிசம்பர் பெருமழையில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் சிக்கியவர்களின் நிலை நமக்கு எப்படித் தெரிந்தது? யாரோ ஒரு நிருபரும் ஒளிப்பதிவாளரும் தண்ணீரில் இறங்கினார்கள். 'ஊடகம்' என்று ஒரே சொல்லில் எல்லாரையும் குப்பையில் போட்டால், காசு வாங்கியவனோடு விலை கொடுத்தவனையும் சேர்த்தே போடுகிறோம். அது நீதியல்ல.

குருக்களாகிய எங்களுக்கும் இந்த வாசகத்தில் எச்சரிக்கை இருக்கிறது. காசு கொடுத்தவர்கள் கோவில் தலைவர்கள். திருச்சபைக்குச் சங்கடமான உண்மையை ஒரு நிருபர் கேட்டு வந்தால், கதவைச் சாத்தாமல் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

வாக்குச்சாவடிக்குப் போகும் முன் இருக்கிற இந்தப் பதினெட்டு நாள்களுக்கு உங்களிடம் நான்கு காரியங்கள் கேட்கிறேன். முதலாவது, எங்கிருந்து வந்தது என்று தெரியாத எதையும் உங்கள் விரலால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பொய்ச்சான்று சொல்லாதிருக்கும் கட்டளை கைப்பேசிக்கும் பொருந்தும். இரண்டாவது, ஒரே நிகழ்ச்சியை எதிரெதிரான இரண்டு பத்திரிகைகளில் படியுங்கள். ஊர் நூலகத்தில் காசில்லாமலே படிக்கலாம். இரண்டிலும் பொதுவாக இருப்பது எது, ஒன்று மறைப்பது எது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். மூன்றாவது, நேர்மையாக எழுதுகிறது என்று நீங்கள் கண்ட ஓர் இதழுக்காவது சந்தா கட்டுங்கள். விளம்பரத்தைச் செய்தியாக்கி ஏமாற்றுவதைக் கண்டால் புலம்பாதீர்கள். மாவட்டந்தோறும் இதற்கென்றே ஊடகக் கண்காணிப்புக் குழு இருக்கிறது, எழுதிப் போடுங்கள். நான்காவதுதான் கடினம். உங்கள் குடும்பக் குழுவில் மாமாவோ மச்சானோ பொய் ஒன்றை அனுப்பினால், மரியாதையோடு, "மாமா, இது உண்மை இல்லை, விசாரித்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். அதுவே நீங்கள் கொடுக்கும் விலை.

பெண்களின் சாட்சியத்தை அன்றைக்கு யாரும் பெரிதாக மதிக்கவில்லை. காவலர்களுக்கோ சீருடை இருந்தது, பணம் இருந்தது, ஆளுநரின் நிழலும் இருந்தது. ஆனாலும் இன்று உலகெங்கும் ஆலயங்களில் அறிக்கையிடப்படுவது அந்தப் பெண்கள் சுமந்து ஓடிய செய்திதான். உண்மை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் போய்ச் சேரும். அதற்குக் கால்கள் தேவை. அந்தக் கால்களாக நாம் இருப்போம்.

உயிர்த்த ஆண்டவரே, நாங்கள் கேட்பதில் நிதானத்தையும், சொல்வதில் நேர்மையையும், உண்மைக்காக உழைக்கும் செய்தியாளர்களுக்குத் துணிவையும் தாரும். ஆமென்.