காசு கொடுத்த கழிப்பறை

கழிப்பறைக்குப் போனால் நாம்தானே காசு தருவோம்? நம்ம முசிறியில் போனவர்களுக்கே காசு கொடுத்தார்கள், தடவைக்குப் பத்து பைசா! 'ஸ்கோப்' தொண்டு நிறுவனத்தின் வேலை அது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

முசிறி இருக்கும் காவிரிக்கரையில் நிலத்தடி நீர் மேலாகவே கிடக்கும். குழி தோண்டினால் கழிவு கிணற்று நீரில் கலந்துவிடும். அதனால் தொட்டியைத் தரைக்கு மேலேயே கட்டினார்கள். மலத்துக்கு ஒரு வழி, சிறுநீருக்கு ஒரு வழி. காகிதத்தால் துடைக்கும் நாட்டில் இது போதும். நமக்குத் தண்ணீர் வேண்டுமே! கழுவும் நீருக்கு மூன்றாவது வழி வந்தது. என்னைக் கேட்டால், அந்த மூன்றாவது துளைதான் அசல் மூளை. மலத்தில் சாம்பல் தூவி மூடிவைத்தால், மாதக்கணக்கில் மக்கி உரமாகிறது. சிறுநீரும் வயலுக்குப் போகிறது.

புதுசாக எதையாவது செய்ய நினைத்தால், அதைப் புழங்கப்போகிறவரின் பழக்கத்தை முதலில் கவனியுங்கள்.