யாரிடம் கேட்டீர்கள்?



நன்னடத்தை அலுவலர் என்றால் மாதந்தோறும் கையெழுத்து வாங்குகிறவர் என்றே பலர் நினைக்கிறார்கள். அது எங்கள் வேலையின் பின்பாதி. தண்டனை சொல்லப்படும் முன்பே, விசாரித்து அறிக்கை எழுதுகிற முன்பாதிதான் கனமானது.

பாஸ்டன் நகரில் காலணி தைத்துப் பிழைத்த ஜான் அகஸ்டஸ், 1841இல் குடிபோதை வழக்கில் நின்ற ஒருவரைத் தம் பொறுப்பில் நீதிமன்றத்திலிருந்து அழைத்துப் போனார். அரசுப் பதவி எதுவும் அவருக்கு இல்லை. அதற்குப் பின் பலரை ஏற்றார். ஏற்குமுன் அவர்களுடைய பழைய நடத்தை, வயது, இனி யாரோடு வாழப் போகிறார்கள் என்பதையெல்லாம் விசாரித்தார். சிறைக்குப் பதில் இப்படி நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவதற்கென நம் சென்னை மாகாணம் 1936இல் ஒரு சட்டம் இயற்றியது. 1958இல் மத்தியச் சட்டம் வந்தது. அதன் 6ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்தில், 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் எங்கள் அறிக்கையைக் கேட்டாக வேண்டும். சிறைதான் என்று முடிவெடுத்தால் காரணத்தை எழுதியாக வேண்டும்.

அந்த அறிக்கையில் வயது, படிப்பு, குடும்ப வருமானமெல்லாம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஊரில் அந்த இளைஞனுக்கு என்ன பெயர் என்று எழுத வேண்டிய இடத்தில்தான் பேனா தயங்க வேண்டும். யாரிடம் கேட்டு எழுதுவது? பேருந்து நிறுத்தத்து டீக்கடையிலும் ஊர்த்தெருப் பெரியவர் திண்ணையிலும் விசாரித்துவிட்டுத் திரும்பினால், காலனிப் பையனைப் பற்றி ஊர்த்தெரு காலங்காலமாகச் சொல்லிவருவதே அறிக்கையில் ஏறும். சாதியின் பேச்சு அரசு முத்திரையோடு நடுவரின் மேசைக்குப் போய்ச் சேரும். இதைவிடப் பெரிய அநீதியை ஒரு நன்னடத்தை அலுவலரால் செய்ய முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் அலுவலர்களே, அவனுடைய தெருவுக்குள் நடந்து போங்கள். சித்தாள் வேலை கொடுத்த மேஸ்திரியைப் பாருங்கள். வகுப்பாசிரியரைத் தேடிப் பிடியுங்கள். அக்காள் சொல்வதைக் கேளுங்கள். அம்மா மறைப்பதை அக்காள் சொல்லிவிடுவாள். பொருளை இழந்தவர் வீட்டுக்கும் போக வேண்டும். அவருடைய கோபத்தைக் கேளாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

அதே சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி அறிக்கை ரகசியமானது. நீதிமன்றம் விரும்பினால் அதன் சாரத்தை அவனுக்குத் தெரிவித்து மறுக்க வாய்ப்புத் தரலாம், கட்டாயம் இல்லை. ஆகவே நாம் எழுதும் ஒரு தவறான வரி, அவன் காதுக்கே எட்டாமல் அவனைச் சிறைக்குள் தள்ளிவிடக்கூடும்.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அறிக்கை ஒவ்வொன்றிலும், விசாரிக்கப்பட்டோர் யார், எந்தத் தெரு, அவர்களுக்கும் அவனுக்கும் என்ன உறவு அல்லது பகை என்று எழுதுங்கள். ரகசிய ஆவணம் என்பதால் சொன்னவர்களுக்குச் சங்கடம் குறைவு. அவன் தெருவைச் சேர்ந்த ஒருவரைக்கூடக் கேளாத அறிக்கை வந்தால், நடுவர்கள் அதை எங்களிடமே திருப்பி அனுப்ப வேண்டும்.