மூவாயிரம் சுற்றுக்குக் கீழே



மதுரையில் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பழைய புல்லட்டில் கை பழகி, ரேடியேட்டர் வைத்த இன்றைய வண்டிகள் வரை வந்திருக்கும் தொழில். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் என்ற வண்டியைப் பற்றியும், அது புது உருவம் எடுத்த பிறகு அதை ஓட்டுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பற்றியும் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. ஓட்டுகிறவர் சொல்லும் குறைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதை எண்ணாகச் சொல்ல அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் அது தெரிந்திருக்கும்.

ஹிமாலயன் என்ற பெயர் வடக்கே இருக்கிற மலைக்குரியது. வண்டி நம் சென்னைப் பக்கத்தில் செய்யப்படுவது. முதலில் 2016-இல் விற்பனைக்கு வந்தது. 411 சிசி, காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் எஞ்சின், ஐந்து கியர். கரடுமுரடான பாதையிலும் மூட்டை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகலாம் என்பதற்காகவே செய்த வண்டி. 2023 நவம்பரில் கோவாவில் புது ஹிமாலயனை வெளியிட்டார்கள். எஞ்சின், சட்டம், முன் ஃபோர்க், மீட்டர் என எல்லாமே புதிது. 452 சிசி, தண்ணீரால் குளிரும் எஞ்சின், ஆறு கியர். பழையதில் 24 குதிரைச் சக்தியை ஒட்டி இருந்தது, புதியதில் 40-ஐத் தொட்டுவிட்டது. பெட்ரோல் டேங்க் 15 லிட்டரிலிருந்து 17 லிட்டராகியது. இவ்வளவு சேர்த்தும் எடை கூடவில்லை. பழையது 199 கிலோ, புதியது 196. செய்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை இது.

அப்படியிருக்க, புது வண்டி வாங்கியவர்கள் கடைக்கு வந்து முதலில் சொன்னது என்ன தெரியுமா? "அண்ணே, வண்டி பறக்குது. ஆனா இழுக்க மாட்டேங்குது."

கேட்பவருக்கு இது முன்னுக்குப் பின் முரணாகத் தெரியும். பறக்கிற வண்டி எப்படி இழுக்காமல் போகும்? நேயர்களே, இந்த ஒரு சொல்லுக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம். என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அது ஓடும் குழாயின் அகலத்தை போர் என்போம். மேலிருந்து கீழே வரை அது ஓடும் தூரத்தை ஸ்ட்ரோக் என்போம். நம் அப்பா காலத்துப் புல்லட் 350-இல் அகலம் 70 மில்லிமீட்டர், ஓடும் தூரம் 90. பழைய ஹிமாலயனில் அகலம் 78, தூரம் 86. புதியதில் அகலம் 84, தூரம் 81.5. இந்த மூன்று வண்டிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். தூரம் குறைந்துகொண்டே வருகிறது, அகலம் கூடிக்கொண்டே வருகிறது. முதல் இரண்டிலும் அகலத்தைவிடத் தூரம் அதிகம். மூன்றாவதில் தலைகீழாகிவிட்டது.

ஓடும் தூரம் குறைந்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றலாம். வேகமாகச் சுற்றினால் சக்தி கூடும். நீண்ட தூரம் ஓடும் பிஸ்டன், கனமான ஃப்ளைவீல், மெதுவான சுற்றுக்கு ஏற்றபடி அமைத்த வால்வு, இவை மூன்றும் சேர்ந்தால் சுற்று குறைவாக இருக்கும்போதே வண்டி அழுத்தமாக இழுக்கும். பழையது கவலை இறைத்த மாடு என்றால் புதியது ரேக்ளா மாடு. இரண்டுமே நல்ல மாடுகள்தான், பழக்கிய வேலை வேறு.

எண்களையும் பாருங்கள். பழைய எஞ்சின் தன் முழு இழுவையான 32 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 4,000 முதல் 4,500 சுற்றுக்குள் கொடுத்துவிடும். புதியது தரும் இழுவை 40, அது 5,500 சுற்றில். 3,000 சுற்றிலேயே அதில் 90 சதவீதம் வந்துவிடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. 40-இல் 90 சதவீதம் 36. பழைய வண்டியின் முழு இழுவையைவிட அதிகம்! அப்படியானால் வாடிக்கையாளர் சொன்னது தவறா? இல்லை. அவர் பேசுவது 3,000 சுற்றுக்குக் கீழே நடப்பதை. அங்கேதான் புது எஞ்சின் தயங்குகிறது.

நம் ஊரில் வண்டி எங்கே ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கோரிப்பாளையம் சிக்னலில் ஊர்ந்து, மாசி வீதியில் தள்ளுவண்டிக்குப் பின்னால் பொறுமையாகப் போய், தெருவுக்குத் தெரு போட்டிருக்கும் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கி, பின்னால் வீட்டுக்காரம்மா, நடுவில் ஒரு காய்கறிப் பை. இதெல்லாம் 3,000 சுற்றுக்குக் கீழே நடக்கிற வாழ்க்கை. பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் "இழுக்கல" என்று சொன்னால், சோதனைச் சாலையில் கருவி வைத்து அளந்ததற்குச் சமமான ஒன்றை அவர் அளந்து சொல்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர். பழைய ஹிமாலயனை மனசில்லாமல் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினார். போடிமெட்டு ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது வண்டி திணறி நின்றுவிடுகிறது என்று வந்தார். "பழசுல மூணாவது கியர்லயே திரும்பிருவேன்" என்றார். வண்டியைப் பிரித்துப் பார்க்கும் முன் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, அழகர்கோவில் சாலையில் அவரையே ஓட்டச் சொன்னேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர் கையும் காலும் இன்னும் பழைய வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தன. எஞ்சின் கேட்கும் முன்பே மேல் கியருக்குப் போய்விடுகிறார். சுற்று 2,000-க்கு இறங்கியும் அங்கேயே வைத்திருக்கிறார்.

"வளைவுக்கு முந்தியே ரெண்டாவது கியருக்கு இறங்கிருங்க. எஞ்சின் சத்தம் போட்டா பயப்படாதீங்க, சுத்துறதுக்குன்னே செஞ்ச எஞ்சின் இது" என்றேன். திரும்பி வரும்போது அதே வண்டி வேறு வண்டியாக இருந்தது. அடுத்த முறை போடிமெட்டு போய் வந்தவர் ஸ்பேனர் வேலை எதுவும் கேட்கவில்லை, செயினுக்கு மட்டும் லூப் போட்டுக்கொண்டு போனார். ஆனாலும் ஒன்று சொன்னார்: "பழசு நான் பாட்டுக்குப் போகும், இது என்னையக் கவனிக்கச் சொல்லுது." இந்த இரண்டு வண்டிகளைப் பற்றி நான் கேட்டதிலேயே மிகச் சரியான மதிப்பீடு இதுதான்.

இந்த மனத்தாங்கல் புதிதாக வந்ததும் அல்ல. வயதான நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும், பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் பண்ணுவதே ஒரு சடங்கு. ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, பிஸ்டனை சரியான இடத்தில் நிறுத்தி, அப்புறம்தான் கிக்கரை மிதிக்க வேண்டும். 2010 வாக்கில் அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் போய், கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒன்றாகச் சேர்ந்த புது எஞ்சின் வந்தது. கியர் இடது காலுக்கு மாறியது. அப்போது என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் பிரேக் பிடிப்பதாக நினைத்துக் கியரை அழுத்திவிடுவார். வண்டியை விற்றுவிடலாம் என்றுகூட இருந்தார். அவருக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. "சத்தம் செத்துப்போச்சு தம்பி" என்பார். கால் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. சத்தத்துக்கு மட்டும் அவர் கடைசி வரை சமாதானம் ஆகவில்லை. அவர் சொன்னதும் உண்மைதான். உட்கார்ந்து கேட்டால் அந்தப் பழைய எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணலாம்.

புது ஹிமாலயனைப் பற்றி வேறு பேச்சுகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியில் சீட் உயரம் 800 மில்லிமீட்டர். புதியதில் 825, வேண்டுமானால் 845-க்கு ஏற்றிக்கொள்ளலாம். நம் ஊர் சராசரி உயரத்துக்கு இது பெரிய விஷயம். பள்ளி ஆசிரியை ஒருவர், நன்றாக ஓட்டுகிறவர், சிக்னலில் நுனிக்காலில் நிற்க வேண்டியிருப்பதாகச் சொன்னார். தாழ்வான சீட் தனியாகக் கிடைக்கிறது, அதைப் போட்டபின் பாதம் பதிகிறது என்றார். உயரத்துக்குத் தயங்கும் பெண்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேகம் பற்றி எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. பழையது நான்கு வழிச்சாலையில் நூறை நெருங்கும்போது கை விரல் மரத்துப்போகும் அளவுக்கு அதிரும். புதியது அங்கே ஓய்வாக ஓடுகிறது. இளைஞர்கள் இதைச் சொல்லும்போது நான் குறுக்கே ஒன்று சொல்வேன், உங்களுக்கும் சொல்கிறேன். நான்கு வழிச்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018-இல் வகுத்த உச்ச வேகம் 80 கிலோமீட்டர். அந்த நாற்பது குதிரையும் திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு லாரியைத் தயக்கமில்லாமல் கடந்துபோய் மறுபடி எண்பதுக்குள் அடங்குவதற்கு. அதற்கு மேல் அதை நம்பிப் போகாதீர்கள். நம் மாவட்டத்துச் சாலைகளில் ஆடும் மாடும் எந்த நேரமும் குறுக்கே வரும்.

இன்னொரு பேச்சு, ரோட்டோரத்தில் நின்றுபோனால் யார் பார்ப்பது என்பது. பழைய ஹிமாலயனின் டேப்பெட்டை ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் இருந்தால் ஆண்டிபட்டி கணவாயில் மர நிழலில் உட்கார்ந்தே சரிசெய்துவிடலாம். புதியதில் நான்கு வால்வு, இரண்டு கேம், ஆக்ஸிலரேட்டர்கூட கேபிள் இல்லாமல் மின்சாரத்தில் போகிறது. இந்தக் கவலை நியாயமானது. வெளியூர் போகிறவர்களிடம் நான் சொல்வது, கிளம்பும் முன் கூலண்ட் அளவைப் பாருங்கள். சித்திரை வெயிலில் நகர நெரிசலில் ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கினால் சூடான காற்று காலில் அடிக்கும். அது பழுது அல்ல, எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. விசிறி சுழலவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும்.

ஓட்டுகிறவர்கள் பேசினால் வண்டி மாறுமா என்று கேட்கலாம். மாறியிருக்கிறது. முதல் ஹிமாலயனுக்கு 2018-இல் ஏபிஎஸ் வந்தது. மண் பாதையில் பின் சக்கரத்துக்கு அது இடைஞ்சல் என்று ரைடர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2020-இல் வந்த வண்டியில் பின் சக்கரத்து ஏபிஎஸ்ஸை அணைத்துக்கொள்ள ஒரு ஸ்விட்ச் வந்துவிட்டது. புது ஹிமாலயன் முதலில் ட்யூப் வைத்த ஸ்போக் சக்கரத்தோடுதான் வந்தது. நடுக்காட்டில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமே என்று நாடு முழுக்க ஒரே குரலில் கேட்டார்கள். 2024-இல் ட்யூப் இல்லாத ஸ்போக் சக்கரம் விற்பனைக்கு வந்தது. மேகமலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை நம் மதுரை வழியாகத்தான் போகிறது. லடாக் கொடி கட்டிய வண்டிகள் கடை முன் வந்து நிற்கும்போது இமயத்தின் குளிரையும் நம் ஊர் வெயிலையும் ஒரே எஞ்சின் தாங்கியிருக்கிறதே என்று தொட்டுப் பார்ப்பேன். நல்ல வண்டிதான் நேயர்களே, பழையதைவிட நல்ல வண்டி. ஆனால் 3,000 சுற்றுக்குக் கீழே அது இன்னும் கொஞ்சம் நம் தெருவுக்காகவும் மாற வேண்டும், மாறும் என்று நம்புகிறேன். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சர்வீசுக்கு விடும்போது "வண்டி சரியில்ல" என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். எந்த கியரில், எத்தனை சுற்றில், பின்னால் எவ்வளவு பாரம் இருந்தபோது, எந்த ஏற்றத்தில் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.