எலும்பு கூடியாச்சு, தசை?

கால் முறிந்து, மாவுக்கட்டுப் பிரித்து, மறுபடி எப்போது சைக்கிள் ஓட்டலாம் என்று காத்திருக்கும் பெங்களூரு காக்ஸ் டவுன் அன்பர்களுக்கு இன்று ஒரு தகவல்.

எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்லது. ஆனால் தொடையைத் தொட்டுப் பாருங்கள். அடிபட்ட பக்கம் இளைத்திருக்கும். அசையாமல் கிடந்த சில வாரங்களிலேயே முன்தொடைத் தசை வற்றிவிடும். முழங்காலுக்குப் பலம் தருவதே அந்தத் தசைதான். எலும்பு கூடுவது வேறு, தசை தேறுவது வேறு.

அதனால்தான் பிசியோதெரபிஸ்ட் முதலில் நகராத சைக்கிளில் உட்கார வைக்கிறார். உடல் எடையை சீட் தாங்கிக்கொள்ளும். கால் சுழன்றால் போதும். சீட்டைச் சற்று உயர்த்தினால் முழங்கால் அதிகம் மடங்க வேண்டாம். முழுச் சுற்று வரவில்லையா? தொட்டில் ஆட்டுவதுபோல் முன்னும் பின்னும் பாதிச் சுற்று. வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

மறுபடி ஓட்ட முடியுமா என்று சோர்ந்துவிடாதீர்கள். ஹைதராபாத்தின் சைக்கிள் வீரர் ஆதித்ய மேத்தா விபத்தில் ஒரு காலையே இழந்தவர். 2013-இல் ஆசிய பாரா சைக்கிள் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கினார்.

டாக்டர் அனுமதித்த பிறகு வெளியே ஓட்டலாம். முதலில் மேடில்லாத தெரு. ஞாயிற்றுக்கிழமை என்றால் கப்பன் பூங்கா. அன்று உள்ளே மோட்டார் வண்டிகள் கிடையாது. நிற்கும்போது நல்ல காலை ஊன்றுங்கள். இடது கால் அடிபட்டிருந்தால், வலது காலை ஊன்றி இறங்க வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.