விளைநிலமும் வாரிசுரிமை வரியும்

(ஹைதராபாத்தில் வருவாய்த் துறை அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரை)

ஒருவர் இறந்தபின் அவருடைய சொத்து வாரிசுகளுக்குச் செல்லும்போது அதில் ஒரு பகுதியை அரசு வரியாகப் பெறுவது முறையா என்னும் வினா, இந்தியாவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்தும் அடங்கியும் வந்திருக்கிறது. சொத்து, வீடாகவோ பங்குப் பத்திரமாகவோ வங்கி இருப்பாகவோ இருந்தால் வாதம் ஒருவகை. விளைநிலமாக இருந்தால் அது முற்றிலும் வேறுவகை. நிலம் செல்வமும் ஆகும். பிழைப்புக்குரிய கருவியும் ஆகும். செல்வம் என்று கொண்டால் வரி நியாயமாகத் தோன்றுகிறது. கருவி என்று கொண்டால் அதே வரி, தச்சனிடமிருந்து உளியைப் பறிப்பது போலாகிறது. இவ்விரு பார்வைகளும் உண்மையே. இவற்றுக்கு இடையே எங்கே கோடு கிழிப்பது என்பதுதான் விளைநில வரியின் பொருளாதாரமும் அரசியலும்.

ஜாகிர்களின் காலம்

இந்த வினாவை ஆராய ஹைதராபாத் பொருத்தமான இடம். நிஜாம் ஆட்சியில் ஜாகிர் என்பது முழு உரிமையுள்ள சொத்து அன்று. ஜாகிர்தார் இறந்தால் அது தானாகவே மகனுக்குச் சென்றுவிடவில்லை. வாரிசு யார் என்று விசாரணை நடந்து, அரசின் அங்கீகாரம் கிடைத்த பின்பே உரிமை தொடர்ந்தது. நிலத்தின் மீதான வாரிசுரிமை அரசின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்னும் கருத்து இம்மண்ணுக்குப் புதிதன்று.

1949 ஆகஸ்டில் ஜாகிர் ஒழிப்பு ஒழுங்குமுறையும் 1950இல் ஹைதராபாத் குத்தகை மற்றும் விவசாய நிலச் சட்டமும் வந்தன. 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா உழவர் போராட்டம் இவற்றின் பின்னணியில் இருந்தது. 1951 ஏப்ரலில் போச்சம்பள்ளியில் வினோபா பாவேயின் பூதான இயக்கம் பிறந்ததும் இதே பகுதியில்தான். நிலத்தைச் சட்டத்தால் பங்கிடுவது, கிளர்ச்சியால் பெறுவது, தானமாகக் கேட்பது ஆகிய மூன்று வழிகளும் சில ஆண்டுகளுக்குள் இங்கே சோதிக்கப்பட்டன. நான்காவது வழியான வரி 1953இல் வந்தது.

அரசியல் சட்டம் வகுத்த எல்லை

எஸ்டேட் தீர்வைச் சட்டம் 1953 அக்டோபர் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் நாடாளுமன்றம் விரும்பியவுடன் விளைநிலத்தின் மீது இத்தீர்வையை விதித்துவிட இயலாது. மத்தியப் பட்டியலின் 87ஆம் இனம், விவசாய நிலம் நீங்கலான சொத்துக்கு மட்டுமே மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. விவசாய நிலத்தின் மீதான எஸ்டேட் தீர்வை மாநிலப் பட்டியலின் 48ஆம் இனமாக உள்ளது. விவசாய நில வாரிசுரிமைத் தீர்வை 47ஆம் இனம். விவசாய வருமான வரி 46ஆம் இனம்.

ஆகவே அரசியல் சட்டத்தின் 252வது பிரிவை நாட வேண்டியதாயிற்று. மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றி அதிகாரம் அளித்தால், அந்த மாநிலங்களுக்கு மட்டும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்பது அப்பிரிவின் பொருள். தீர்மானம் நிறைவேற்றிய மாநிலங்களில் இருந்த விளைநிலம் தீர்வைக்கு உட்பட்டது. ஏனைய மாநிலங்களின் நிலம் விலகி நின்றது. ஒரே அளவு செல்வமுள்ள இருவருள், நிலம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து ஒருவரின் வாரிசு வரி செலுத்தினார். மற்றவரின் வாரிசு செலுத்தவில்லை.

செல்வ வரியில் நிலை வேறாக இருந்தது. 1969ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விளைநிலத்தையும் செல்வ வரிக்குள் கொண்டுவந்தபோது, அது மாநில உரிமையில் தலையிடுவது என்று வழக்குத் தொடரப்பட்டது. தில்லான் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971இல் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் மத்திய அரசின் அதிகாரத்தை ஏற்றது. நிகரச் செல்வத்தின் மீதான வரி மாநிலப் பட்டியலில் எங்கும் இடம்பெறாததால் அது எஞ்சிய அதிகாரத்தில் அடங்கும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. எஸ்டேட் தீர்வைக்கு இவ்வழி திறக்காது. ஏனெனில் அது மாநிலப் பட்டியலில் பெயர் குறித்தே எழுதப்பட்டுள்ளது. வாரிசுரிமை வரியை மீண்டும் கொணர்வது பற்றிப் பேசுவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை இது. விளைநிலத்தைப் பொறுத்தவரை முடிவு மாநிலத் தலைநகரங்களில்தான் இருக்கிறது.

முப்பத்திரண்டு ஆண்டு அனுபவம்

எஸ்டேட் தீர்வையின் உச்ச விகிதம் ஒரு கட்டத்தில் 85 சதவீதம் வரை உயர்ந்தது. காகிதத்தில் இத்துணைக் கடுமையாக இருந்த வரி, கருவூலத்துக்குக் கொண்டுவந்தது சொற்பமே. 1985 வரவுசெலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் வி. பி. சிங், இத்தீர்வையின் வருவாய் சுமார் 20 கோடி ரூபாய் மட்டுமே என்றும், அதை வசூலிக்கும் நிர்வாகச் செலவு ஒப்பு நோக்க அதிகம் என்றும் குறிப்பிட்டார். 1985 மார்ச் 16ஆம் தேதியும் அதன் பின்னரும் நிகழ்ந்த மரணங்களுக்கு எஸ்டேட் தீர்வை இல்லை என்றாயிற்று. விளைநிலத்தின் மீதான செல்வ வரி, தோட்டப் பயிர் நிலங்கள் நீங்கலாக, 1980லேயே கைவிடப்பட்டிருந்தது. செல்வ வரி முழுவதும் 2015இல் நீக்கப்பட்டது.

வருவாய் ஏன் சொற்பமாயிற்று? இந்து கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் இறக்கும்போது கைமாறுவது அவருடைய பங்கு மட்டுமே. ஐம்பது ஏக்கர் குடும்பத்திலும் ஒருவர் பங்கு பத்து ஏக்கராகச் சுருங்கிவிடும். மரணத்துக்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே செய்யப்பட்ட தானங்கள் பொதுவாகத் தீர்வைக்கு வெளியே நின்றன. முன்யோசனையுள்ளவர் முன்கூட்டியே எழுதி வைத்தனர். இவற்றுக்கு மேலாக, நிலத்தின் மதிப்பைக் கணிப்பதிலும் அது விளைநிலமா அல்லவா என்று முடிவு செய்வதிலும் வழக்குகள் பெருகின.

பேகம்பேட்டை வழக்கு

இதற்கு ஹைதராபாத்திலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. பைகா பிரபுக் குடும்பத்தின் பேகம்பேட்டை அரண்மனையைச் சுற்றி, உசேன் சாகர் ஏரியை ஒட்டி, நகராட்சி எல்லைக்குள் சுமார் 108 ஏக்கர் நிலம் இருந்தது. செல்வ வரி விதிக்க அதிகாரிகள் முனைந்தபோது, இது விவசாய நிலம், ஆகவே அக்காலச் சட்டப்படி வரிக்கு உட்பட்டதன்று என்று வாதிடப்பட்டது. நிலத்தில் கிணறுகள் இருந்தன, நிலத் தீர்வையும் விதிக்கப்பட்டிருந்தது, பயிரிடவும் தகுதியானதே. ஆனால் அதில் ஏர் பூட்டியதில்லை. ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அது விவசாய நிலமே என்றது. 1976இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பயிரிட இயலும் என்பது மட்டும் போதாது. விவசாயத்துக்குப் பயன்படுகிறதா, அதற்கென ஒதுக்கப்பட்டதா என்பதற்குச் சான்று வேண்டும். விலக்குக் கோருபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று கூறியது.

வெறும் சட்டச் சொல் விளக்கமாகத் தோன்றும் இத்தீர்ப்பில் ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. உழவருக்கு உரிய சலுகை உழவுக்கு உரியது. பட்டாவில் எழுதிய பெயருக்கு உரியதன்று.

ராஜ் குழு காட்டிய வழி

விவசாயச் செல்வத்துக்கும் வருமானத்துக்கும் வரி விதிப்பது பற்றி ஆராயப் பேராசிரியர் கே. என். ராஜ் தலைமையில் 1972இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. மரணத்தின்போது ஒருமுறை பெருந்தொகை வாங்குவதற்கு மாறாக, ஆண்டுதோறும் சிறு அளவில், விளைவுத் திறனுக்கு ஏற்பப் பெறும் வேளாண் உடைமை வரியை அக்குழு பரிந்துரைத்தது. மாவட்டந்தோறும் மண், பயிர், பாசனம் ஆகியவற்றுக்கு ஏற்ப ஹெக்டேருக்கு ஒரு மதிப்பு நிர்ணயிக்கப்படும். வளர்ச்சிக் கழிவு போக மதிப்பு எத்தனை ஆயிரம் ரூபாயோ, அதில் பாதி எண் வரி விகிதமாகும். 10,000 ரூபாய் மதிப்புக்கு 5 சதவீதம், அதாவது 500 ரூபாய். 20,000 ரூபாய்க்கு 10 சதவீதம், அதாவது 2,000 ரூபாய். உடைமை இரு மடங்கானால் வரி நான்கு மடங்காகும்.

எளிமையான இத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. பிற வருமானத்துக்கு வரி விகிதத்தை நிர்ணயிக்கும்போது விவசாய வருமானத்தையும் கணக்கிற் சேர்ப்பது என்ற பரிந்துரை மட்டுமே பின்னர் சட்டமாயிற்று. வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களிடம் இருந்தது. மாநிலச் சட்டமன்றங்களிலோ நிலமுடையோரின் செல்வாக்கு மேலோங்கியிருந்தது. பசுமைப் புரட்சியின் பலன் கைக்கு வந்த நேரத்தில், அதன்மீது வரி விதிக்க முன்வரும் துணிவு எந்தக் கட்சிக்கும் எளிதில் வரவில்லை.

உச்சவரம்பும் பாகப்பிரிவினையும்

அதே காலத்தில் ஆந்திரப் பிரதேசம் மற்றொரு பாதையில் சென்றது. பி. வி. நரசிம்ம ராவ் முதலமைச்சராக இருந்த 1972இல் நில விற்பனையையும் மாற்றத்தையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1973ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம், ஐவர் கொண்ட குடும்பத்துக்கு நன்செயில் 10 முதல் 27 ஏக்கர் வரை, புன்செயில் 35 முதல் 54 ஏக்கர் வரை என மண்ணின் தரத்துக்கேற்ப வரம்பு கட்டியது. 1971 ஜனவரி 24ஆம் தேதிக்குப் பின், வரம்பிலிருந்து தப்பும் நோக்குடன் செய்யப்பட்ட மாற்றங்கள் செல்லா என்றும் விதித்தது. அதற்கு முன்பே பிரிக்கப்பட்டவை பிரிக்கப்பட்டவையே. உச்சவரம்புக்கு அஞ்சிச் செய்த பாகப்பிரிவினை எஸ்டேட் தீர்வையின் அடித்தளத்தையும் கரைத்தது. ஒரு சீர்திருத்தம் மற்றொன்றுக்குத் தப்பும் வழி அமைத்துக் கொடுத்த விந்தை இது.

பாகத்தின் வரலாற்றில் மகள்களின் பங்கையும் மறத்தல் ஆகாது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை வழங்கிய ஆந்திரப் பிரதேசத் திருத்தம், என். டி. ராமராவ் ஆட்சியில் 1985 செப்டம்பர் முதல் செயலுக்கு வந்தது. தமிழ்நாடு 1989இல் அவ்வாறே செய்தது. 2005இல் நாடு முழுவதற்கும் அவ்வுரிமை விரிந்தது. வாரிசுரிமை பற்றிய எந்த வரியும் இனி மகன், மகள் இருவரின் பங்கையும் கணக்கிற் கொண்டே அமைய வேண்டும்.

நகரை ஒட்டிய நிலம்

2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரி உடைமை 1.08 ஹெக்டேர், 1970–71இல் அது 2.28 ஹெக்டேராக இருந்தது. உடைமைகளில் 86 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்கும் குறைந்தவை. வாரங்கல், நல்கொண்டா, மகபூப்நகர் மாவட்டங்களின் உட்பகுதிகளில் வாழும் சிறு விவசாயியை, எந்த நியாயமான விலக்கு வரம்பும் வரிக்கு வெளியே நிறுத்தும். அவர் பெயரால் கேட்கப்படும் விலக்கின் பலன் பெரும்பாலும் வேறொருவரைச் சேர்கிறது.

2023 ஆகஸ்டில் ஹைதராபாத்தின் கோகாபேட்டையில் அரசு நடத்திய ஏலத்தில் ஓர் ஏக்கர் 100 கோடி ரூபாயைத் தாண்டியது. இந்த விலை உயர்வுக்கு உழவர் உழைப்பு காரணமன்று; 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையும் பொதுப் பணத்தில் அமைந்த பிற வசதிகளுமே பெருங்காரணம். ஆனால் இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். வெளிவட்டச் சாலைக்கு அப்பால் நான்கு ஏக்கரில் காய்கறி பயிரிடும் குடும்பம் ஒன்றைக் கொள்வோம். ஏக்கர் ஐந்து கோடி ரூபாய் என்றால் நிலத்தின் மதிப்பு 20 கோடி. ஏக்கருக்கு ஆண்டு வருமானம் 40,000 ரூபாய் என்றால் மொத்தம் 1,60,000 ரூபாய். சந்தை மதிப்பில் 10 சதவீத வரி விதித்தால் அது இரண்டு கோடி. 125 ஆண்டு வருமானத்துக்குச் சமம். நிலத்தை விற்றாலொழிய வரி செலுத்த இயலாது. விற்காதவர் மீது விற்பனை விலையில் வரி விதிப்பது உழவையே முடித்துவிடும்.

பிற நாடுகளின் பாடம்

பிரிட்டன் இந்தச் சிக்கலை அண்மையில் சந்தித்தது. பண்ணைகளுக்கு இருந்த முழு விலக்கை 10 லட்சம் பவுண்டு மதிப்புக்கு மட்டும் என வரையறுத்து, அதற்கு மேற்பட்டதற்கு 20 சதவீத வரி விதிக்க 2024 அக்டோபரில் அரசு அறிவித்தது. விவசாயிகள் லண்டனில் திரண்டனர். 2025 டிசம்பரில் வரம்பை 25 லட்சம் பவுண்டாக உயர்த்துவதாக அரசு அறிவிக்க நேர்ந்தது. ஜப்பான் 1975லேயே வேறு வழி கண்டது. வாரிசு தொடர்ந்து பயிரிடும்வரை வரியின் பெரும்பகுதி ஒத்திவைக்கப்படும். உழவைக் கைவிட்டால் வட்டியுடன் செலுத்த வேண்டும். வரி இங்கே மரணத்தைத் தொடரவில்லை. நிலத்தின் பயன் மாறுவதைத் தொடர்கிறது.

இந்தியாவில் 2024 மக்களவைத் தேர்தலின்போது அமெரிக்க வாரிசுரிமை வரி பற்றி சாம் பித்ரோடா கூறிய கருத்து பெரும் சர்ச்சையாயிற்று. அவர் சார்ந்த காங்கிரஸ் கட்சியே அதிலிருந்து விலகி நின்றது. வாதம் ஆழமாக நடைபெறும் முன்பே முடிந்துவிட்டது.

செய்யத்தக்கவை

வரியை மீட்பதா, வேண்டாமா என்பது மக்கள் பிரதிநிதிகள் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் எந்த முடிவுக்கும் முன் நிறைவேற வேண்டிய சில பணிகள் நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளன.

முதலாவது, பதிவேடு. தெலங்கானா கிராமங்களில் விராசத் எனப்படும் வாரிசுப் பட்டா மாற்றம் உரிய காலத்தில் நடைபெறாவிடின், இறந்தவர் பெயரிலேயே நிலம் நீடிக்கும். 2020இல் தரணி, 2025இல் பூபாரதி எனப் பதிவு முறை மாற்றி அமைக்கப்பட்டது. யார் உடைமையாளர் என்று ஐயமின்றித் தெரியாத வரை வரியும் நியாயமாகாது, உதவியும் நியாயமாகாது.

இரண்டாவது, உழுபவரையும் உடையவரையும் பிரித்தறிதல். 2018இல் தொடங்கிய ரைத்து பந்து திட்டம் ஏக்கர் கணக்கில், தொடக்கத்தில் நில அளவுக்கு உச்சவரம்பின்றி, பட்டாதாரருக்கே நிதி வழங்கியது. குத்தகைதாரர் வெளியே நின்றார். ஏக்கரைக் கணக்கிட்டு வழங்க முடிந்த அரசுக்கு, ஏக்கரைக் கணக்கிட்டுப் பெறுவது மட்டும் இயலாது என்று கூற முடியாது.

மூன்றாவது, வரி விதிக்கும் தருணம். நிலம் உழவில் உள்ளவரை விளைவுத் திறன் மதிப்பு. உழவை விட்டு மனைகளாகும்போது சந்தை மதிப்பு. பேகம்பேட்டைத் தீர்ப்பும் ராஜ் குழு அறிக்கையும் ஜப்பானின் அனுபவமும் இந்த ஓரிடத்தில் ஒன்றுகூடுகின்றன.

தந்தை இறந்த வீட்டில் ஏர் நின்றுவிடாமல் இருப்பது ஒரு நீதி. பொதுப் பணத்தால் பெருகிய செல்வம் சில குடும்பங்களிலேயே தலைமுறை தலைமுறையாகத் தேங்கிவிடாமல் இருப்பது மற்றொரு நீதி. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுப்பதும், பின்னதைக் காட்டி முன்னதை அழிப்பதும் இதுவரை நடந்த அரசியல். இரண்டையும் ஒருசேரக் காக்கும் சட்டத்தை வரைவதற்கான அனுபவமும் கருவிகளும் இன்று நாட்டில் உள்ளன. எஞ்சியிருப்பது அதற்கான உறுதி ஒன்றே.