நூல் நிலையம் வளர வேண்டும்

(யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் திருத்தமும் விரிவும் பற்றி ஆற்றிய உரை)



யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தைத் திருத்த வேண்டும், விரிவாக்க வேண்டும் என்று நாம் கேட்கும்போது, "கட்டடம் வெள்ளை வெளேரென்று கம்பீரமாக நிற்கின்றதே, இன்னும் என்ன செலவு?" என்று வினவுவோர் சிலர் உளர். அவர்களுக்கு விடை கூறுவதே என் நோக்கம்.

இந்நூலகம் அரசர் எவரும் அளித்த கொடையன்று. க. மு. செல்லப்பா அவர்கள் 1933இல் தம் இல்லத்திலே தொடங்கிய முயற்சி, 1934இல் வாடகை அறையொன்றுக்கு வந்தது. 1935இல் நகர சபை அதனைப் பொறுப்பேற்றது. பின்னர் களியாட்ட விழாக்கள் நடத்தி மக்களிடம் பணம் திரட்டினார்கள். 1954 மார்ச் 29இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த மாளிகை 1959 ஒக்டோபர் 11இல் திறந்துவைக்கப்பட்டது. அன்றோடு பணி முடிந்ததா? இல்லை. சிறுவர் பகுதியும் கேட்போர் கூடமும் அதன் பின்னரே சேர்ந்தன. இந்நூலகத்துக்கு ஆலோசனை வழங்கிய பேரறிஞர் இரங்கநாதன் அவர்களே, நூலகம் என்பது வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிர் என்பதைத் தம் ஐந்து விதிகளுள் ஒன்றாக வகுத்தவர் அல்லவா?

அந்த உயிரைத்தான் 1981 மே 31 இரவு தீயிட்டார்கள். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்த வேளையில், பொலிசாரும் காடையரும் மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும், கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. மாளிகை மீண்டும் கட்டப்பட்டுவிட்டது. ஆனால் வேறெங்கும் படியில்லாத சுவடியை எந்தக் கொத்தன் மீண்டும் கட்டுவான்?

ஆகவே, சுவரைப் புதுப்பிப்பதோடு நிற்பது விரிவாகாது. ஓலையையும் பழந்தாளையும் ஈரக்காற்றும் பூச்சியும் அரிக்கும். அவற்றுக்கு வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட அறை வேண்டும். தீயை உடனே அறிந்து அணைக்கும் ஏற்பாடு வேண்டும். ஒவ்வோர் அரிய ஏட்டுக்கும் மின்வடிவப் படியெடுத்து, அப்படியை வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும். புதிய நூல்கள் வர வர அடுக்குகள் பெருகும். அடுக்குகள் பெருகினால் வாசகர் இருக்கை சுருங்கும். அதற்காகவே புதிய இடம் கேட்கின்றோம்.

இதற்குப் பொறுப்பாளர் யார்? நூலகம் மாநகர சபையினுடையது. பொது நூலகங்களை நடத்தும் அதிகாரத்தை 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சபைக்கு வழங்குகின்றது. அதிகாரம் உள்ள இடத்தில் கடமையும் உண்டு. மத்திய அரசும் விலகி நிற்க முடியாது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இந்நூலகத்துக்கென 10 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. அதனை வரவேற்போம். ஆயினும் அது சலுகையன்று. அழித்தவற்றுக்கு அரசு பட்டிருக்கும் கடனின் ஒரு சிறு பகுதியே.

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றேன். விரிவுத் திட்டத்தின் வரைபடமும் செலவுக் கணக்கும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். பணிகளை மேற்பார்வை செய்யும் குழுவில் நூலகவியலாளரும் வாசகரும் இடம்பெறல் வேண்டும். ஒரு முறை தரும் பணத்தோடு நில்லாமல், பராமரிப்புக்கென ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்படல் வேண்டும்.

நாமும் வாளாவிருத்தல் தகாது. வீட்டுப் பெட்டியில் உறங்கும் பழைய நூலையும் பத்திரிகையையும் ஏட்டையும் நூலகத்தார் படியெடுக்கக் கொடுத்துதவுங்கள். அன்று காசு கொடுத்துக் கட்டிய மக்களின் பிள்ளைகள் நாம். இன்று கேட்பதற்கும் கொடுப்பதற்கும் நமக்கு உரிமை உண்டு.